சும்மா ஓடுவது

ஹட் பே
2012 மே, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சுதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு நல்லபடியாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் டியூட்டி டியூட்டி என்று கிடக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, திடமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றால் இரண்டு வார்த்தைக்குள் லைன் அறுந்துவிடுகிறது, அதோடு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல முடியாத சங்கதியும் இதில் இருக்கிறது. ரம்ஜான் பீவியின் தம்பி போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்து அங்கே தபாலில் சேர்க்கச் சொல்லப் போகிறேன். இங்கே மழை இன்னும் இறங்கவில்லை. குழாயில் தண்ணீர் ஒருநாள் வந்தால் ஒருநாள் இல்லை. கொல்லையில் வெண்டை கருகிப்போயிற்று, மிளகாய் மட்டும் பிழைத்துக் கிடக்கிறது. மற்றபடி புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதிவிடலாம்தான், ஆனால் இருக்கிறது.

போன மாதம் பேசும்போது ஓடுவதை விட்டுவிட்டேன் என்றாய். வெயில் தாங்கவில்லை, கூட ஓடிக்கொண்டிருந்த பிள்ளையும் ஊருக்குப் போய்விட்டது, ஓடி என்னம்மா ஆகப்போகிறது என்றாய். நான் சரி என்று மட்டும் சொன்னேன். பொங்கல் கழிந்ததிலிருந்து நானும் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. நீ சிரிப்பாய் என்று நினைத்தேன்.

அது ரம்ஜான் பீவியால் வந்தது. கப்பல் அடைகிற ஜெட்டிக்குப் போகிற வழியில் துணிக்கடை வைத்திருக்கிறார்களே, உன் பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் அங்கேதான் எடுத்தோம். அவருக்குச் சர்க்கரை ஏறி, டாக்டர் தினம் நடக்கச் சொல்லிவிட்டார். தனியாக நடந்தால் நாய் துரத்துகிறது என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். கொஞ்ச நாள் நடந்தோம். நடந்தால் இரண்டு பேரும் பேசுகிறோம், பேசினால் நின்றுவிடுகிறோம், இது நடை இல்லை, சந்தைக்குப் போகிற கதை. ஒருநாள் அவரே, "என்னா சொர்ணம், கொஞ்சம் ஓடித்தான் பார்ப்பமா" என்றார். நான் உன் பழைய சுடிதாரில் இருந்தேன், அவர் புர்காவை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கடலோர ரோட்டில் ஓடினோம்.

நீ இங்கே பிறந்து வளர்ந்தவள், என்ன நடந்திருக்கும் என்று உனக்கே தெரியும். டீக்கடை பெங்காலி பால் சட்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்து, "க்யா ஹுவா, பானி ஆ ரஹா ஹை க்யா" என்று கத்தினார். அவர் தண்ணீர் வருகிறதா என்று கேட்டதும் எதிர் வீட்டில் ஒருத்தி பிள்ளையை இடுப்பில் தூக்கிவிட்டாள். ஆட்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வந்து எங்களைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார்கள். சுனாமி வந்த அந்த டிசம்பர் காலையில் நாம் மூன்று பேரும் ஓடியதற்குப் பிறகு ஹட் பேயில் பெரியவர்கள் யாரும் ஓடியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ் தவறினாலும் நடந்துதான் போகிறோம். எனக்கு வெட்கமாகப் போயிற்று. இது வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஆனால் பீவி மறுநாள் கடையைத் திறக்காமல் அந்த ரோட்டில் வீடு வீடாகப் போய், நாங்கள் சர்க்கரைக்காக ஓடப் போகிறோம், யாரும் கடலைப் பார்க்காதீர்கள் என்று தமிழிலும் ஹிந்தியிலும் சொல்லிவிட்டு வந்தார். கடைக்கு விளம்பரம் செய்வதைப் போலச் செய்தார். கொஞ்ச நாளில் ஆட்கள் பழகிவிட்டார்கள். மீன் விற்கிற புஷ்பா மட்டும் பழகவில்லை. அவள் புருஷனும் மகனும் அன்றைக்குப் போனவர்கள். நாங்கள் தாண்டுகிற வரைக்கும் வாசலில் நின்று கடலைத்தான் பார்ப்பாள். ஒருநாள் நிறுத்தி, "சத்தம் கொடுத்துட்டுப் போங்க அக்கா, அப்பத்தான் எனக்கு வேலை ஓடும்" என்று கேட்டுக்கொண்டாள். அதிலிருந்து அவள் வீட்டைத் தாண்டும்போது ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே ஓடுவோம். மூச்சு வாங்கும்போது அதைச் சொல்வது கஷ்டம்.

மார்ச் மாதம் வெயில் ஏறியதும் எனக்கும் உன்னைப் போலத்தான் ஆயிற்று. இங்கே சூரியனுக்கு அவசரம் ஜாஸ்தி, நாம் பல் விளக்குவதற்குள் தலைக்கு மேல் வந்துவிடும். எழுந்திருக்கவே மனசு வராது. பீவி வந்து கூப்பிட மாட்டார், கேட்டுக்கு வெளியே சும்மா நிற்பார். கூப்பிட்டால் வரவில்லை என்று சொல்லலாம், நிற்கிறவரை என்ன சொல்வது. அப்படியே போய்ப் போய்ப் பழகியது. இருட்டு பிரிகிறபோதே கிளம்பிவிடுவது, நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் போவது, நேற்று ஓடியதைவிட மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை என்று விடுவது, ஓடிக்கொண்டே பேச முடியாவிட்டால் வேகம் ஜாஸ்தி என்று வைத்துக்கொள்வது, இவ்வளவுதான் எங்கள் பாடம். ஒருநாள் நேரம் கழித்துப் போய் பீவிக்குத் தலை சுற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் திட்டினாள். வேர்க்கிற வரைக்கும் பயமில்லை, வேர்வை நின்று உடம்பு காய்ந்து, பேச்சு குழறினால் அதற்கப்புறம் ஓர் அடி நடக்கக் கூடாது, நிழலில் போட்டுக் கழுத்திலும் கக்கத்திலும் ஈரத் துணி வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், நீ படித்த படிப்பு. அப்பாவுக்கு இந்த ஓட்டம் பிடிக்கவில்லை. "தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்து மலை ஏறி எறங்கியே எங்க அம்மாவுக்குக் காலு போச்சு, நீ கூலி இல்லாம ஓடுற" என்பார். சண்டைக்கு வர மாட்டார், ஆனால் நான் திரும்பி வரும்போது முகம் கொடுக்க மாட்டார்.

ஏப்ரலில் நிலம் ஆடியதை உன்னிடம் போனில் சொன்னோம், யாருக்கும் ஒன்றுமில்லை என்றும் சொன்னோம். அது முழுசாக உண்மை இல்லை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். கட்டில் தொட்டில் மாதிரி ஆடியது, சீக்கிரம் நிற்கவுமில்லை. கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஜீப் மைக் கட்டிக்கொண்டு, மேட்டுக்குப் போங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தது. சுனாமிக்குப் பிறகு சர்க்கார் கட்டிக் கொடுத்த நம் வீடு மேட்டில்தான் இருக்கிறது, நான் இன்னும் கொஞ்சம் ஏறினால் போதும். ஆனால் அப்பா சிமெண்ட் வருகிற கப்பல் எப்போது என்று கேட்க ஜெட்டிக்குச் சைக்கிளில் போயிருந்தார். போனைப் போட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டதால் அது போகவேயில்லை. இத்தனை மாதம் ஓடியவள் வாசல்படியில் அப்படியே நின்றேன். பிறகு தலையில் ஒரு துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டு, பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, கீழே இறங்கி ஓடினேன்.

ஊரே மேலே ஏறுகிறது, நான் ஒருத்தி கீழே போகிறேன். "உல்டா மத் ஜாவ்" என்று யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள், எதிர்ப்பக்கம் போகாதே என்று. உதறிவிட்டேன். புஷ்பா கூடையோடு ஏறிக்கொண்டிருந்தாள், வாய் திறந்தபடி பார்த்துவிட்டுப் போனாள். பீவி தன் வீட்டுக்காரருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். வண்டியை நிறுத்தி, "அவரைப் பார்த்தேன் சொர்ணம், சைக்கிள் பஞ்சர், ஓடி வர்றாரு, மெதுவாப் போ, உன் வேகத்துல போ" என்றார். அந்த இரண்டு மணி வெயிலில் தார் காலை இழுத்தது. என் வேகத்தில்தான் போனேன். வேகமாக ஓடியிருந்தால் நான் பாதியில் விழுந்திருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கடலோர வளைவில் அப்பா வந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார், சட்டை இல்லை, முகம் செங்கல் மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் கோபப்பட வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. வந்தது அர்த்தமில்லாமல் வந்தது. உன் பெயரைச் சொல்லி, ஸ்கூல் விட்டாச்சா என்றார். கையைத் தொட்டேன். நெருப்பாக இருந்தது, ஆனால் ஒரு சொட்டு வேர்வை இல்லை. அப்போது எனக்கு ஒன்று தெரிந்தது. கடல் வரலாம், வராமலும் இருக்கலாம். இவரை அந்த மேடு ஏற வைத்தால் இவர் பிழைக்க மாட்டார் என்பது நிச்சயம். யாரிடமும் கேட்க ஆள் இல்லை, ரோடு காலியாகிவிட்டது. பெங்காலி பூட்டாமல் போன டீக்கடையின் பின்னால் வேப்ப மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய் அவரைப் படுக்க வைத்தேன். கடை டிரம்மில் தண்ணீர் இருந்தது. துண்டை நனைத்து நனைத்துக் கழுத்திலும் கக்கத்திலும் வைத்தேன், மேலுக்கு ஊற்றினேன், கடை முறத்தால் விசிறினேன். எதிரே கடல். இத்தனை வருஷமாக அந்த ரோட்டில் போனாலும் நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியதில்லை. அன்றைக்கு வேறு பார்க்க ஒன்றுமில்லை. விசிறிக்கொண்டே அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. உள்வாங்குகிறதா என்று ஒரு பாறையைக் குறி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், பாறை நனைந்தபடியே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து அப்பாவின் நெற்றியில் வேர்வை பொடித்தது. கண்ணைத் திறந்து, "நீ ஏன் கீழ வந்த" என்றார். நீங்கள் ஏன் இந்த வெயிலில் மேலே ஓடி வந்தீர்கள் என்றேன். "வீட்டுல நீ தனியா இருக்கியே, வராம இருக்க ஏலுமா" என்றார். போலீஸ் ஜீப் திரும்பி வந்தபோது எங்களைப் பார்த்து ஏற்றிக்கொண்டது. சாயங்காலம் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் வரவில்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்து டிரிப் ஏற்றினார்கள், சிறுநீரகத்துக்குப் பாதிப்பில்லை என்று பார்த்துவிட்டு அனுப்பினார்கள். நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பாதான் சொன்னார். இப்போது சாப்பிடுகிறார், தூங்குகிறார், என்னைக் குறை சொல்கிறார். நீ கவலைப்பட வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஓட்டம் கசந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம், நீ ஓடிப் பழகியதால்தான் உன் புருஷனைக் காப்பாற்றினாய் என்றார்கள். பால் வாங்கப் போனாலும் அதே பேச்சு. டீக்கடைக்காரர் என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஓடத் தெரியாத எத்தனையோ பேர் நல்லவர்கள், அவர்கள் வீட்டில் ஆள் போயிற்று. அந்த டிசம்பரில் புஷ்பா எவ்வளவு வேகமாக ஓடினாள், அவளுக்கு யார் மிஞ்சினார்கள். ஓடத் தெரிந்தால் பிழைக்கலாம் என்று சொன்னால் போனவர்களுக்கெல்லாம் ஓடத் தெரியவில்லை என்று ஆகிவிடும். காலையில் எழுந்தால் இனி எதற்காக ஓடுகிறோம் என்று தோன்ற ஆரம்பித்தது, அடுத்த தடவைக்காகவா, அதற்காக ஒரு நாளும் ஓட மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். பீவி கேட்டுக்கு வெளியே வந்து நின்றார், நான் போகவில்லை. மறுநாளும் நின்றார். மூன்று வாரம் போல அப்படிப் போயிற்று. கடைசியில் நானே போய் இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "எனக்குச் சர்க்கரை எறங்கவேயில்ல சொர்ணம், டாக்டர் மாத்திரையை ஏத்திட்டாரு. அப்படியும் காலைல எந்திரிச்சா ஓடணும் போல இருக்கு. என்னாத்துக்குன்னு கேக்காதே, சும்மாத்தான்" என்றார்.

போன வாரம் மறுபடி ஆரம்பித்திருக்கிறோம். பழைய தூரம் முடியவில்லை, பாதியில் நின்று நடக்கிறோம். ஓடி என்ன ஆகப்போகிறது என்று கேட்டாயே, ஒன்றும் ஆகாது. முடித்துவிட்டு ஜெட்டிப் படியில் உட்கார்ந்தால் காற்று வேர்வையில் படும்போது ஒரு குளிர்ச்சி இருக்கிறது, அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான். நீ ஓடு என்று நான் சொல்லவில்லை. மஸ்கட் வெயில் நம் வெயில் இல்லை, அது ஒதுங்க மர நிழல்கூட இல்லாத வெயில் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஓடத் தோன்றினால் விடிவதற்கு முன்னால் போ, தனியாகப் போகாதே, உப்புப் போட்ட தண்ணீர் குடித்துவிட்டுப் போ. நைட் டியூட்டி முடித்த காலையில் வேண்டவே வேண்டாம். தோன்றாவிட்டால் தூங்கு.

அப்பா வழக்கமாகப் போடுகிற பிரஷர் மாத்திரைச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாய், பீவியின் தம்பி போனில் எடுத்து அனுப்புவார், பார்த்துச் சொல். நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் முருகன் துணை நிற்கட்டும், இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. கடிதத்தை ஒட்டப் போகும்போது அப்பா வந்து ஒரு வரி சேர்க்கச் சொன்னார். நீ வரும்போது ஆம்பிளைகள் போடுகிற ஓடுகிற ஷூ அங்கே நல்லதாகக் கிடைக்குமா என்று கேட்கச் சொல்கிறார், அகலமான பாதத்துக்கு. ஓடுவதற்கு இல்லையாம், ஜெட்டி வரைக்கும் நடந்து போக என்கிறார். வாசலில் நின்றுகொண்டு நான் அதை எழுதிவிட்டேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்றும் உன் அன்பு அம்மா
ஜ. சொர்ணம்மா