ஜாவாவுக்குப் போன நீலம்

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை உன் தோள்பையைத் துவைத்தேன். மூன்றாவது வாளித் தண்ணீரிலும் நீலம் வந்துகொண்டே இருந்தது. சிதம்பரத்தில் நான் இப்போது குடியிருக்கும் வீட்டின் பின்பக்கம் சிமென்ட் தரை. அதில் ஊற்றிய தண்ணீர் காய்ந்தபோது நீலத்தின் ஓரத்தில் மெல்லிய ஊதா வளையம் ஒன்று நின்றது. "என்னாங்க இது, தேச்சாலும் போவாது போலருக்கு" என்று என் மனைவி கோபித்துக்கொண்டாள். நான் வருஷக்கணக்கில் ஒழிக்கப் பார்த்த வளையம் அது. அன்றைக்கு அதைத் தேய்க்க மனம் வரவில்லை.

பை என்னிடம் எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் பிடிக்கும்.

2004இல் அண்ணாமலை நகர் லாட்ஜில் நாம் ஒரே அறை. நான் எம்.எஸ்சி. வேதியியல், நீ எம்.காம். காலையில் பேப்பர் வந்ததும் கிரிக்கெட் பக்கத்துக்கு அடிதடி நடக்கும். நீ வர்த்தகப் பக்கத்தை உருவிக்கொண்டு போவாய், அதற்குப் போட்டியே கிடையாது. தென்கிழக்காசியாவின் பத்து நாடுகள் சேர்ந்த கூட்டமைப்பும் இந்தியாவும், ஒருவர் சரக்குக்கு ஒருவர் வரியைக் குறைத்துக்கொள்ளப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த காலம். அத்தா என்று நீ கூப்பிடும் உன் அப்பா பினாங்கில் துணிக்கடையில் இருபது வருஷம் இருந்துவிட்டு லால்பேட்டைக்குத் திரும்பியவர். பள்ளிக்கூட வயதில் நீயும் அங்கே சில வருஷம் இருந்ததால் மலாய் பேசவும் எழுதவும் உனக்கு வரும். அதனால் அந்தப் பத்து நாடுகளும் உனக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி. "பத்து வூட்டுக்காரங்க" என்றுதான் சொல்வாய்.

ஒருநாள் பேப்பரை மடித்துவிட்டு, "பாமாயில்ல வந்து நின்னுட்டாங்க மச்சான்" என்று நீ சொன்ன குரலைக் கேட்டு, பக்கத்து அறைக்காரன் யார் வீட்டிலோ துக்கம் என்று நினைத்து எட்டிப் பார்த்தான். அப்புறம் மிளகு, தேயிலை, ரப்பர் என்று ஒவ்வொன்றிலும் பேச்சு நின்றது, நகர்ந்தது. எந்தச் சரக்கைப் பட்டியலில் சேர்ப்பது, எதை விடுவது என்பதிலேயே வருஷங்கள் ஓடின. எனக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை. உன்னைச் சீண்டுவதற்காக, "இன்னிக்கு எந்த மந்திரி யாரோட சண்ட?" என்று கேட்பேன். நீ சண்டையை விட்டுவிட்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய்.

படித்து முடித்து இரண்டு பேரும் செம்மங்குப்பத்தில் ஒரு சின்னச் சாயக் கம்பெனியில் சேர்ந்தோம். எனக்கு லேப், உனக்கு ஏற்றுமதிக் காகிதங்கள். நாற்பது பேர் வேலை செய்த இடம். துணிக்குப் போடும் நீலச் சாயம்தான் முக்கியமான சரக்கு. ஈரமான வடிதாளில் ஒரு சிட்டிகை தூவிப் பார்ப்பது லேபில் தினசரி வேலை. நம் நீலம் பரவி நின்றதும் ஓரத்தில் ஊதா வளையம் விடும். அது என் கண்ணில் குறை. தண்ணீரை மாற்றிப் பார்த்தேன், சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன், போகவில்லை. "அழகாத்தானடா இருக்கு" என்பாய் நீ. எம்.காம். படித்தவனுக்கு வேதியியல் எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த தாளை எடுப்பேன்.

2009இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2010 முடியும் தறுவாயில் இந்தோனேசியாவுக்கும் நடைமுறைக்கு வந்தது. அன்று நீ கம்பெனிக்கே காராசேவு வாங்கிவந்தாய். மலாயும் இந்தோனேசிய மொழியும் அண்ணன் தம்பி மாதிரி என்பதால், ஜாவாவில் மெழுகால் வரைந்து சாயம் ஏற்றும் பாத்திக் துணி போடும் ஊர் ஒன்றில் சாயம் விற்கும் பெரியவர் ஒருவரைக் கடிதம் எழுதியே பிடித்தாய். வரிச் சலுகை வேண்டுமென்றால் ஒரு சான்றிதழ் போக வேண்டும். சரக்கு இந்தியாவில்தான் உருவானது என்று சொல்லும் காகிதம். கம்பெனியில் அதை 'ஆரிஜின்' என்று சுருக்கமாகச் சொல்வோம். எப்படித் தயாரித்தோம் என்று லேப் எழுதித் தர வேண்டும். அது உண்மை என்று நீ உறுதிமொழி போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் சென்னையில் முத்திரை வைப்பார்கள்.

"பத்து வூட்டுக்காரனும் ஒரு பெரிய வூட்டுக்காரனும், யாரும் யாரையும் முழுசா நம்பல மச்சான். அதான் இவ்ளோ பேப்பரு" என்று சிரித்தாய். பிறகு சிரிக்காமல் இன்னொன்றும் சொன்னாய். "மந்திரிங்க போட்ட கையெழுத்துக்கு நம்ம கையெழுத்துதாண்டா ஜாமீன்." பெரிய பேச்சு பேசுகிறான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

2011இல் சாயம் காய்ச்சும் ரியாக்டரின் உள்பூச்சு விரிசல் விட்டது. சரிசெய்ய மூன்று மாதம் ஆகும் என்றார்கள். ஜாவா ஆர்டர் நின்றுகொண்டிருந்தது. முதலாளி அதே நீலத்தைச் சீனாவிலிருந்து வரவழைத்தார். நம் சாயத்தின் அடர்த்திக்கு வரும்படி அதில் உப்புக் கலந்து, நம் டிரம்மில் கொட்டி, நம் லேபிளை ஒட்டி அனுப்பிவிடலாம் என்றார்.

"ஒரு தடவதாம்பா. ரியாக்டர் ரெடியாயிட்டா நம்ம சரக்கே போவப்போவுது. நாப்பது குடும்பம் இருக்கு இங்க, பாத்துக்க."

சான்றிதழுக்கான பாரத்தை நீ கையில் வாங்கக்கூட இல்லை. "சார், டிரம்மு நம்முது, உள்ள இருக்கறது நம்முது இல்ல. நான் போட மாட்டேன். இங்க செஞ்சதா சொல்லாம, சலுகை இல்லாம அனுப்புங்க. நானே அவுருக்கு எழுதி ஒத்துக்க வைக்கறேன்" என்றாய். முதலாளி என்னைப் பார்த்தார். அந்த மாதம்தான் என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்திருந்தது. நான் லேப் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டேன், உறுதிமொழியில் நீ போட வேண்டிய இடத்திலும் போட்டேன். காய்ச்சாத சாயத்துக்கு எத்தனை மணி நேரம் காய்ச்சினோம் என்றுகூட எழுதினேன்.

நீ மேசை டிராயரைக் காலி செய்துவிட்டுப் போனாய். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தேன். "கல்யாணத்துக்கு வந்துருவேன்" என்று மட்டும் சொன்னாய். வந்தாய், சாப்பிட்டாய், போட்டோவில் நின்றாய். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. நீ செய்தது சரி என்பதால் வந்த கோபம் அது.

ஜாவாவிலிருந்து உன் பெயருக்குக் கம்பெனி முகவரியில் ஒரு கடிதம் வந்தது. மலாய் மாதிரி தெரிந்தது, யாருக்கும் படிக்க வரவில்லை. "ஒன் கூட்டாளிகிட்ட குடுத்துப் படிச்சிட்டு வா" என்று முதலாளி அனுப்பினார். நீ லால்பேட்டையில் டிக்கெட் போட்டுத் தரும் கடை ஒன்றில் விசா பாரங்கள் நிரப்பிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டாய். கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாய்.

"வளையம் எங்கன்னு கேக்கறாரு மச்சான்."

"என்னா வளையம்?"

"ஊதா வளையம்டா. துணி போடற பொம்பளைங்க ஈரத் துணில ஒரு சொட்டு வுட்டுப் பாப்பாங்களாம். ஓரத்துல ஊதா வந்தாதான் இந்தியா நீலமாம். இந்தத் தடவ வரலியாம். இது யாரோடதுன்னு கேக்கறாரு."

டிரம்மை மாற்றினோம், லேபிளை ஒட்டினோம், முத்திரை வாங்கினோம். அந்த வளையத்தை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவன் நான். தினமும் பார்த்தவன் நான்தான். ஆனால் அதை நான் குறையாகத்தானே பார்த்தேன். சீனச் சரக்கில் அது இல்லை என்றதும் மனசுக்குள் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன்.

"தண்ணி மாறிப்போச்சு, அதான் வளையம் வரல, அடுத்த தடவ வரும்னு எழுதிடு" என்றேன். "தமிழ்ல எழுதிக் குடு. நான் மாத்தித் தரேன்" என்றாய். நாலு வரி எழுதிக் கொடுத்தேன். நீ எழுதிக்கொண்டே போனாய். தாளின் மறுபக்கமும் நிறைந்தது.

"நாலு வரிக்கு இவ்ளோ நீளமாடா?"

"அந்த பாஷையில மரியாத ஜாஸ்தி மச்சான்" என்று சொல்லி, உறையை நீயே ஒட்டினாய்.

சில வாரம் கழித்து ஆங்கிலத்தில் இரண்டே வரிப் பதில் கம்பெனிக்கு வந்தது. அடுத்த சரக்கை மூன்று மாதம் கழித்து அனுப்பினால் போதும் என்று இருந்தது. ரியாக்டர் தயாரானது, வளையம் திரும்ப வந்தது, ஆர்டரும் வந்தது. முதலாளி என் தோளில் தட்டினார். நாமும் மறுபடி பழக ஆரம்பித்தோம். காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது ஒருதரம் உன்னிடம் கேட்டேன்: "ஒரு கையெழுத்து. என்னா ஆயிட்டுது இப்ப?" நீ, "டீ ஆறுது, குடி" என்றாய். அன்று நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன் மச்சான். அதை இப்போது சொல்லவே கூசுகிறது.

இந்த வருஷம் உனக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒன்பதாம் நாள் போன் வந்தது. லால்பேட்டையில் உன்னைத் தோளில் தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். கடைசியில் ஒரு கைப்பிடி மண் போட்டேன். அதைப் பற்றி வேறு எதுவும் எழுத எனக்கு வராது.

முதலாளி ஜாவாவுக்குத் தகவல் சொல்லியிருந்தார். அந்தப் பெரியவர் உன் அத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கம்பெனி முகவரிக்கு அனுப்பியிருந்தார். நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். அத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். ஆறுதல் வார்த்தைகள், உனக்காக வேண்டிக்கொள்ளும் துஆ. பிறகு அவர் குரல் மெதுவானது.

"ஒங்க மவன் அனுப்புன லெட்டர நான் பத்திரமா வச்சிருக்கேங்கறாரு. 'அந்தச் சரக்கு எங்கூருது இல்ல, சீனாவுலேர்ந்து வந்தது. ரியாக்டர் ஒடஞ்சி கெடக்கு, மூணு மாசம் பொறுங்க. அதுல கையெழுத்துப் போட்டவன் என் கூட்டாளி. அவன் கெட்டவன் இல்ல, பயந்துட்டான். இன்னொரு தடவ போட மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு. எங்கள வுட்டுடாதீங்க'ன்னு எழுதியிருந்தானாம். அந்தச் சரக்குக்கு சலுகையில வுட்ட வரிய அவரே போயி கட்டிட்டாராம். ஒங்க கம்பெனியோட வியாபாரத்த வுடாததுக்குக் காரணம் அந்த லெட்டர்தாங்கறாரு."

அத்தா நிமிர்ந்தார். "யாரு தம்பி அந்தக் கூட்டாளி?"

"நாந்தான் அத்தா."

எனக்கு அழுகை வந்தது. அவர் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "அப்ப இது ஒங்களுக்கு வந்ததுதான். நீங்களே வச்சிக்கங்க" என்றார். உள்ளே போய் உன் தோள்பையையும் எடுத்துவந்தார். நீ சாம்பிள் பொட்டலங்களை வைத்துச் சென்னைக்கு எடுத்துப்போன பை. கடிதத்தை அதில்தான் போட்டுக்கொண்டு வந்தேன்.

இப்போது ரியாக்டரை மறுபடி பிரித்துப் போட்டிருக்கிறார்கள். நேற்று முதலாளி பாரத்தை என் மேசையில் வைத்தார். அதே ஜாவா, அதே நீலம், அதே சீன டிரம். "ஒனக்குத் தெரியாததா" என்றார். என் பெண்ணுக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. பாரத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான் போட மாட்டேன் சார்."

"என்னாப்பா, அவன மாதிரியே பேசற?"

எனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பது நாளைக்குத் தெரிந்துவிடும். உன் பையில்தான் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு போகப்போகிறேன். அதற்கு முன்னால் இன்று சாயங்காலம் லால்பேட்டை போக வேண்டும். ஜாவாவுக்கு ஒரு கடிதம், ரியாக்டர் நின்றுபோனதை உள்ளபடியே தமிழில் எழுதிவிட்டேன். அப்படியே மாற்றித் தருவதாக அத்தா சொல்லியிருக்கிறார். நாலு வரிதான் மச்சான். அந்த மொழியில் எவ்வளவு நீளம் வருகிறது என்று பார்க்கிறேன்.