ரோமாபுரிச் சுவரில் ஒரு பச்சைக் கோடு

காலையில் செடிக்குத் தண்ணீர் விட உள்ளே நுழைந்ததும் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. ஒரு கணம், நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்தேனடி. பார்த்தால் யாரோ புது ஆள். சாரத்திலிருந்து நீ விழுந்தபோது உன் பிரஷ் சுவரில் இழுத்துக்கொண்டு போன பச்சைக் கோட்டை அழித்துக்கொண்டிருந்தான். மதியம் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி விசாரணைக்கு வருகிறாராம். அதற்குள் சுவர் சுத்தமாக வேண்டுமாம். நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

உத்தனப்பள்ளி தாண்டி, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே பழைய ரோமாபுரி மாதிரியில் ஒரு வீடு! பெங்களூர் முதலாளிக்கு வந்த ஆசை. வானம் தெரியும் முற்றத்தில் தொட்டி, அரளி, மாதுளை. அது என் வேலை. பின்சுவர் முழுக்க அதே அரளி, அதே மாதுளை, பெயிண்டில். அது உன் வேலை. அந்தக் காலத்துப் பணக்காரர்கள் சின்னத் தோட்டத்தைப் பெரிதாகக் காட்ட இப்படித்தான் வரைந்து வைப்பார்களாம். இஞ்சினியர் சொன்னதும் என் காதைக் கடித்தாய்: "ஏமாத்து வேலை அப்பவே ஆரம்பிச்சிருச்சு பாருடி."

அதற்கு முன் நீ மூக்கண்டப்பள்ளிக் கம்பெனிகளில் தரைக்கு மஞ்சள் கோடு போட்டவள். ஆள் நடக்க ஒரு பக்கம், வண்டி ஓட ஒரு பக்கம். "என் கோட்டைத் தாண்டாம நடந்தா ஒருத்தனுக்கும் அடிபடாது" என்று பீற்றிக்கொள்வாய்.

சுவருக்கு நடுவில் அவர்களுடைய சாமிக்கதை. களியை உருட்டிக்கொண்டே எனக்குச் சொன்னாய்.

"வேட்டைக்குப் போனவன் வழிதப்பி வந்து, ஒரு தேவதை குளிக்கிறதைப் பாத்துட்டான். அவ அவனை மானாக்கிட்டா. அவன் வளத்த நாய்ங்களே அவனைக் கடிச்சுக் கொதறிடுச்சுங்க."

"நான்தான்னு அவன் கத்தலியா?"

"கத்துனான். மான் சத்தம்தான் வந்துச்சு."

"எங்க வூட்டுக்காரரை மானாக்குனாலும் கொறட்டை மாறாதுடி" என்றேன். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறிவிட்டது.

நீ விழுந்த அன்றைக்கு மான் கொம்புக்கு மேலே இரண்டு இலை பாக்கி. சாரத்தில் ஒற்றைப் பலகை.

"பெல்ட் இல்லாம ஏறாதடி."

"கேட்டா இஞ்சினியரு நாளைக்கு, நாளைக்குங்குறாரு. ரெண்டு எலதானே, முடிச்சிட்டு எறங்கிடறேன்."

ஊரார் காலுக்கெல்லாம் கோடு போட்டவளே, உனக்கென்னடி அப்படி அவசரம்? உன்மேலும்தான் எனக்கு ஆத்திரம்.

இன்றைக்கு இஞ்சினியர் குழைந்தார். "அம்மா, பெல்ட் குடுத்தோம், அவங்கதான் போடலைன்னு சொல்லிடுங்க. இல்லாட்டி எதையும் பாக்கலைன்னு சொல்லுங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

போன வாரம் வரை "ஏய் தோட்டம்!" என்று கூப்பிட்ட வாய் அது. பார்த்ததைச் சொல்ல முடியாமல் நிற்க நான் என்ன மானா?

அதிகாரி வந்ததும் இஞ்சினியர்தான் முந்திக்கொண்டார். நான் விடவில்லை. "சார், குடுத்த பெல்ட்டு எங்கன்னு கேளுங்க. புதுசா ஒண்ணு எடுத்தாந்தா, பில்லு என்னிக்குப் போட்டதுன்னும் கேளுங்க. அவ கேட்டப்ப நாளைக்குன்னாங்க. நான் கீழதான் நின்னேன்." அதிகாரி எழுதிக்கொண்டார். இஞ்சினியர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்! சாயங்காலமே, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஓசூர் ஆபீசுக்கு வந்து இன்னொரு முறை சொல்ல வேண்டுமாம். எல்லோரும், "போனவ போயிட்டா, மனசை ஆத்திக்கோ" என்கிறார்கள். ஆற்ற மாட்டேன். துக்கத்தோடு போனால் அழுதுவிடுவேன். அழுதால் எனக்குப் பேச்சு வராது. அதனால் கோபத்தைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.