அவள் கேட்காத கோரிக்கை

சட்டையில் இன்னும் மிளகு வாசம் அடிக்கிறது. நேற்று முன்தினம், மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த திருப்புலி நாட்டில் ஒரு வீட்டு வாசலில், காயப்போட்ட மிளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி சேகரித்தேன். துவைக்கப் போட மனம் வரவில்லை. நீ செத்துப்போன பிறகு இந்த மலைச் செய்திக்கு நான் ஒருவன்தான். என்னைத் திட்டவும் ஆளில்லை.

நமக்கு வேறு வேறு பத்திரிகை, ஆனால் ஒரே பைக். சேர்ந்து போய்ச் செய்தி எடுத்துவந்து, சேந்தமங்கலம் டீக்கடையில் தனித்தனியாக எழுதுவோம். என்னுடையதை எட்டிப் பார்த்துச் சிரிப்பாய். "ஏன்டா, இந்த மலையில எவனாச்சும் 'கோரிக்கை விடுக்கிறேன்'னு பேசி நீ கேட்டிருக்கியா?" எல்லார் வாயிலும் தாசில்தாரை உட்கார வைக்கிறேன் என்று கிண்டல் வேறு. நீயோ, எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக்காட்டாமல் மலையிறங்க மாட்டாய். குண்டூர் நாட்டில் ஒருவர் நீ படித்ததைக் கேட்டுவிட்டு, தான் திட்டிய வார்த்தையை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று கெஞ்சினார். நீ எடுக்கவில்லை. உன் பத்திரிகை எடுத்துவிட்டது.

நேற்று முன்தினம் பார்த்த அந்த மிளகு வீட்டுப் பெண்ணின் கணவரைப் பாம்பு கடித்திருக்கிறது. அவர்கள் ஊருக்கு வண்டி போகும் பாதை இல்லை. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் உயிர் போய்விட்டது. மிளகைத் துழாவிக்கொண்டே சொன்னாள்: "ரோடு போடச் சொல்லி அவரு நடையா நடந்தாருங்க. அவரே போயிட்டாரு. இனி எனக்கு ரோடு வேண்டாங்க."

உன்னைப் போலவே படித்துக்காட்டினேன். அப்படியே போடச் சொன்னாள். ஒரு சொல் மாற்றாமல் அனுப்பினேன்.

இன்று உள்பக்கத்தில் வந்திருக்கிறது. 'உடனடியாகச் சாலை அமைத்துத் தர வேண்டும் என உயிரிழந்தவரின் மனைவி கோரிக்கை விடுத்துள்ளார்.' கூடவே, பரிசீலிப்பதாக ஓர் அதிகாரி. ஆபீசுக்கு போன் செய்து சண்டை போட்டேன். ரோடு வேண்டாம் என்று போட்டால் படிப்பவர்கள் குழம்புவார்களாம். நீ இருந்திருந்தால் உன் பத்திரிகையிலாவது வந்திருக்குமா? வந்திருக்காது. அது தெரிந்தும் கடைசிவரை அனுப்பிக்கொண்டே இருந்தாய். அதை நினைத்தால் பெருமையாக இல்லை, ஆத்திரம்தான் வருகிறது.

மாலையில் அவளே போன் செய்தாள். யாரோ படித்துக் காட்டினார்களாம். குரலில் கோபம்கூட இல்லை. "நான் கவருமெண்ட்டுகிட்ட ஒண்ணும் கேக்கலீங்களே, சாமி. கேட்டேன்னு போட்டுட்டாங்களே" என்றாள். மறுப்பு போடுவார்களா என்று விசாரித்தாள். போட மாட்டார்கள் என்று உண்மையைச் சொன்னேன்.

"செரிங்க. நீங்களாச்சும் நாஞ் சொன்னத மறந்துராதீங்க."

மறக்கவில்லை. அவள் பேச்சு சொல் மாறாமல் என்னிடம் இருக்கிறது. உன்னிடமும் சொல்லிவிட்டேன். இனி யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.