கறுப்புக்கு அடியில்

14-5-1964, வியாழன். சிவகாசி.

அண்ணன் மகனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அண்ணனுடைய பழைய காரை அனுப்புகிறேன் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தேன். சொத்துப் பிரித்தபோது அது என் பங்குக்கு வந்தது. வந்த வாரமே, அவர் மேல் இருந்த கோபத்தில், பச்சையை மறைத்துக் கறுப்பு அடித்தவன் நான். அண்ணன் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்காவது கார் பழைய நிறத்தில் போகட்டும் என்று நினைத்தேன்.

இன்று பெயிண்டர் கறுப்பைச் சுரண்டினார். அடியில் பச்சை வந்தது. அதற்கும் அடியில் வெண்ணெய் நிறம். டேஷ்போர்டின் உள்பக்கமும் அதுதான்.

"கம்பெனி கலர் இதுதான் அண்ணாச்சி. பச்சை பெறகு அடிச்சது. இப்ப எதை அடிக்க?"

நான் பார்த்த நாளிலிருந்து அது பச்சைதான். சாயங்காலம் விருதுநகர் போய் அண்ணியிடம் கேட்டேன்.

"வாங்குனப்ப வெண்ணெய்க் கலருதான் தம்பி. நீங்க அப்ப மதுரையில படிச்சுக்கிட்டு இருந்தீக. பச்சைக் காருன்னா எம்புட்டு நல்லா இருக்கும்னு லெட்டர்ல எழுதியிருந்தீக. நீங்க லீவுக்கு வர்றதுக்குள்ள மாத்திரணும்னு அவுக அவசர அவசரமா அடிக்கச் சொன்னாக."

அப்படி எழுதியது எனக்கு நினைவே இல்லை. திரும்பும் வழியில் பெயிண்டர் வீட்டில் இறங்கி, பச்சையே அடிக்கச் சொன்னேன்.

அண்ணன் ஒருநாளும் இதைச் சொல்லிக் காட்டியதில்லை. கறுப்பு அடித்த காரில் நான் வேண்டுமென்றே அவர் கடை வாசலைத் தாண்டிப் போன அன்றுகூட, எழுந்து வந்து பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.