சிவந்த உள்ளங்கை

இன்றைக்குக் கறிக்குத் தூள் போடும்போது உள்ளங்கை எரிந்தது. விரித்துப் பார்த்தேன். வியாழக்கிழமைகளில் உங்களுடைய கை சிவந்திருக்குமே, அதே சிவப்பு. அடுப்பை அணைத்துவிட்டு, குசினிக் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன்.

இந்த நாட்டுக்கு வந்து டூங்கபியில் எத்தனையோ வீட்டுக்குப் புல் வெட்டினீர்கள். மற்ற வீடுகளால் வந்தால் கையில் புல் மணம் இருக்கும், அவ்வளவுதான். அந்த ஸ்பெயின்காரி வீட்டால் வரும் நாளில் மட்டும் சிவப்பு.

"ஏனப்பா, கை இப்பிடிச் சிவந்து கிடக்கு?"

"மெஷின் சூடப்பா."

"உங்கட மெஷினுக்கு வியாழக்கிழமை மட்டுந்தான் சூடு பிடிக்குமோ?"

"நீர் பொலிசில சேர்ந்திருக்க வேணும்."

சிரித்துப்போட்டுச் சோற்றைப் பிசைந்தீர்கள். மற்றக் கை மேசையில் தாளம் போட்டது. கோயில் தாளம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. நினையாத இடத்தில் போய் விழுகிற தாளம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் என் புருஷனுடைய விரலைப் பார்க்கத் தெரியும்.

நீங்கள் கண்ணை மூடி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு அவள் வாசலில் வந்து நின்றாள். நரைத்த தலை, சிவந்த உதட்டுச் சாயம். எங்கள் இருவருக்கும் முறிந்த இங்கிலீஷ்தான். விளங்கியது.

"உன்ர மனுசன்தான் எனக்குக் கை தட்டினவர். இனி ஆர் தட்டுறது? நீ வாறியா?"

கோபம் வந்தது. ஆனாலும் போனேன். அந்த அறையைப் பார்க்கத்தான் போனேன்.

பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. அதன் முதுகில் உங்கள் தலை எண்ணெய்க் கறை. எவ்வளவு காலம் சாய்ந்திருந்தால் அப்படி ஊறும்?

அவள் சொன்னாள்: "எங்கட நாட்டில இந்தப் பாட்டெல்லாம் முதல்ல கிட்டார்ல. குதிகாலால நிலத்தை மிதிப்பினம், சுத்தி நிண்டு கை தட்டுவினம். பிறகுதான் பியானோவுக்கு எழுதினவை. என்ர வலக்கை கிட்டார், இடக்கை குதிகால். தட்டுறதுக்கு மூண்டாவது கை எங்க?"

முதலில் அவளுடைய புருஷன் தட்டினாராம். அவர் போன பிறகு, நீங்கள் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலடியில் நின்று தாளம் போட்டதைக் கண்டு உள்ளே கூப்பிட்டாளாம். எல்லாம் அவள் சொல்லிக் கேட்ட 'ஆம்'தான். உண்மையோ என்று யாரிடம் கேட்க?

தட்டினேன். ஓரிடத்தில் சட்டென்று கையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"இந்த இடத்தில அவர் ஒரு சொல்லுச் சொல்லிக் கத்துவார். வாசிக்கிற ஆளை உசுப்ப எங்கட ஊரிலயும் இப்பிடித்தான் கத்துவினம். 'இஞ்சாரப்பா!' அதுக்கு என்ன கருத்து?"

'இங்கே பார்' என்கிற மாதிரி, கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் நீங்கள் என்னைக் கூப்பிட்ட சொல். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். அந்த அறையில் அதை யாருக்குச் சொன்னீர்கள்? வாசிக்கிறவளுக்கா? இல்லை, பாட்டு நன்றாக வந்த இடத்தில் என்னையும் கேட்கச் சொல்லியா?

"அது என்ர பேர்," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். திரும்பவும் வாசிக்கத் தொடங்கினாள்.

இப்போது வியாழக்கிழமைகளில் நான் போகிறேன். சந்தேகம் தீரவில்லை, தீராதபடியால்தான் போகிறேன். தாளம் பிடிபட்டுவிட்டது. அந்த இடம் வந்ததும் அவள் கொஞ்சம் பொறுத்து என்னைப் பார்ப்பாள். நான் தட்டுவேன், வாய் திறக்க மாட்டேன். அந்தச் சொல்லை அங்கே விட எனக்கு மனமில்லை. வாய்க்குள் வைத்தபடியே வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறேன்.