பேனரில் போட்ட பட்டம்

ஐப்பசி, ஞாயிறு இரவு.

இன்று தங்கைக்குக் காதுகுத்து. என் கடைசி வருட ஃபீஸுக்கு மொய் சேரட்டும் என்றுதான் அப்பா இந்த விசேஷத்தையே வைத்தார். நாளை மாலைக்குள் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

மண்டப வாசலில் அப்பா அடித்து வைத்திருந்த பேனரை அப்போதுதான் பார்த்தேன். என் போட்டோவுக்குக் கீழே, 'மு. செல்வி, பி.இ.' படிப்பு முடியாமலே பட்டம்!

தாய்மாமா அதன் முன்னால் நின்று சிரித்தார். "முடிச்சிட்டியா தாயி! ஒன் ஃபீஸுக்குன்னு தனியாக் கொண்டாந்தேன். இனி எதுக்கு? வயலுக்கு உரம் வாங்கிக்கிறேன்."

"இன்னும் முடிக்கல மாமா" என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்திலேயே அப்பா, தன்னோடு தறி ஓட்டுகிறவர்களிடம், "எங்க வீட்டு மொத இஞ்சினியரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். என்ன மடத்தனம்!

மொய்ப் பணம் ஃபீஸில் பாதிக்குக்கூடத் தேறவில்லை.

இப்போது செல்லூரில் நல்ல மழை. எங்கள் வீட்டின் ஒழுகுகிற கூரை ஷீட் மேல் அப்பா அந்தப் பேனரைத்தான் விரித்துக் கட்டியிருக்கிறார். அந்த பி.இ.க்குக் கீழே நனையாமல் படுத்திருக்கிறேன். உரக்கடை திறப்பதற்குள் மாமாவுக்குப் போன் போட வேண்டும். அப்பா காதில் விழாமல்.