வீக்கம் வற்றிய வாசகம்

மாப்ள,

கே.கே. நகரில் பிளக்ஸ் அடிக்கும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வேலியில் யாரோ நொச்சியை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அதே காட்டமான வாடை. கல்லூரி ஆய்வகத்திலிருந்து நீ டீக்கடைக்கு வருவதற்கு முன்பே உன் சட்டை வாடை வந்து சேர்ந்துவிடும்.

உனக்கு முதலாமாண்டு நினைவஞ்சலி. வாசகம் என் பொறுப்பு. காதுகுத்து முதல் கருமாதி வரை எழுதிக் கொடுப்பவன், வார்டு மெம்பரை இமயமாக்கியவன், உனக்கு எழுதமாட்டேனா என்று நினைத்துவிட்டார்கள். "அவரு பாத்தா திட்டாத மாதிரி எழுதுங்கண்ணே" என்று நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி சொல்லி அனுப்பியிருக்கிறது. அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

உசிலம்பட்டியிலிருந்து உன் மச்சினன் ஒரு வரியோடு வந்திருக்கிறான்: 'மூட்டுவலிக்கு முடிவு கட்டிய மூலிகை விஞ்ஞானியே!' மோனை சுத்தம். பொறாமையாகக்கூட இருந்தது.

நொச்சிச் சாறு கொடுத்த எலிகளுக்குக் கால் வீக்கம் குறைந்தது என்று நீ சொன்ன அன்றே, வீங்கிய முட்டியோடு பாட்டில் கேட்டு வந்தவன் நான். நீ தரவில்லை.

"அது நாமளே ஊசி போட்டு வீங்க வச்ச காலு மாப்ள. உன் முட்டி எதுனால வீங்குச்சுன்னு மொதல்ல டாக்டர்ட்ட கேளு."

வலியாவது போயிருக்குமே என்றேன்.

"வீக்கத்த அளந்துரலாம். வலிய எலிகிட்ட எப்புடிக் கேக்க?"

கடைசி மாதங்களில் உன் விரல்களே வீங்கின. சட்டைப் பொத்தானைத் தங்கச்சிதான் போட்டுவிட்டது. அப்போதும் நீ விழுங்கியது ஆஸ்பத்திரி மாத்திரைதான். உன் சாற்றையே குடித்துப் பாரேன் என்று நான் கெஞ்சியபோது, ஒரு நொச்சி இலையைக் கசக்கி முகர்ந்தாய். பிறகு கீழே போட்டாய். "இன்னும் மனுசனுக்குக் குடுத்துப் பாக்கல மாப்ள" என்றாய்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது மச்சினன் பெருமையாகச் சொன்னான். அவன் அம்மா, உன் மாமியார், இந்த வரியைக் கேட்டதிலிருந்து மாத்திரையை விட்டுவிட்டு நொச்சியைக் குடிக்கப் போகிறதாம்.

முதலில் அந்த அம்மாவுக்குப் போனைப் போடச் சொன்னேன். மாத்திரையை விடமாட்டேன் என்று அது ஒப்புக்கொண்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். உன் படத்துக்குக் கீழே இவ்வளவுதான் வருகிறது: 'நொச்சிச் சாறு எலியின் கால் வீக்கத்தைக் குறைப்பதைக் கண்டவர். மனிதருக்குக் கொடுத்துப் பார்க்காமல் அதை மருந்து என்று சொல்லாதவர்.'

"எங்க மச்சான எலி டாக்டர்னு நெனப்பாய்ங்கண்ணே" என்று மச்சினன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டான். வாசகத்தைப் போனில் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "இதையே போடுங்கண்ணே" என்றது.

இந்த மடலிலும் உன்னைப் பற்றி 'ஈடு இணையற்ற' என்று ஓரிடத்தில் எழுதி, அடித்துவிட்டேன். என் எழுத்தில் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது மாப்ள.

வலியை அளக்கத்தான் நீ சொல்லித் தரவில்லை.